மருந்தியலில் பிஎச்டி: சிங்கப்பூரில் சேர நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் கெண்ட் ரிட்ஜ் வளாகத்தில் மருந்தியல் ஆய்வகத்தில் படித்தவன் என்பதால், ஆண்டுக் கடைசி நெருங்கும்போதெல்லாம் கேள்விகள் வந்துவிடும். உட்லண்ட்சிலிருந்து ஒரு அக்கா தன் மகளுக்காகக் கேட்பார், திருச்சியிலிருந்து எம்.ஃபார்ம் மாணவர் ஒருவர் எழுதுவார், மருத்துவமனையில் வேலை செய்யும் நண்பர் மெதுவாக விசாரிப்பார். அடிக்கடி வருபவற்றை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். மதிப்பெண் வரம்பு, உதவித்தொகை போன்ற எண்கள் சேர்க்கைக்குச் சேர்க்கை மாறக்கூடியவை. அவற்றை விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மருந்தியல் என்பது ஃபார்மசியின் அடுத்த படியா?

இல்லை. ஃபார்மசி படித்தவர் நோயாளிக்கு மருந்து சரியாகப் போய்ச் சேருவதைப் பார்த்துக்கொள்பவர். மாத்திரையாக்குவது, வழங்குவது, ஒரு மருந்தோடு இன்னொன்று மோதாமல் கவனிப்பது எல்லாம் அதில் வரும். மருந்தியலின் கவலை வேறு: அந்த மருந்து உடம்புக்குள் போய் என்ன செய்கிறது, உடம்பு அந்த மருந்தை என்ன செய்கிறது, ஒருவருக்குக் கேட்கும் மருந்து இன்னொருவருக்கு ஏன் கேட்கவில்லை.

இந்தக் கடைசிக் கேள்விக்குச் சிங்கப்பூர் நல்ல இடம். ஒரே வார்டில் சீனர், மலாய்க்காரர், இந்தியர் என மூன்று மரபணுப் பின்னணிகள் இருக்கும். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரினை எடுத்துக்கொள்ளுங்கள். சீன நோயாளிகளைவிட இந்திய நோயாளிகளுக்குச் சராசரியாகக் கூடுதல் அளவு தேவைப்படுகிறது. விகேஓஆர்சி1 என்ற மரபணுவின் வேறுபாடு அதற்கு ஒரு முக்கியக் காரணம். வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெபின் இன்னொரு உதாரணம். எச்எல்ஏ-பி 15:02 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு அது தோலையே உரித்துவிடும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோயைக் கொண்டுவரலாம். அதனால் ஆசிய வம்சாவளியினருக்கு முதன்முறை அந்த மருந்தைத் தொடங்கும் முன் மரபணுப் பரிசோதனை செய்யும்படி சுகாதார அமைச்சும் சுகாதார அறிவியல் ஆணையமும் 2013ல் பரிந்துரைத்தன. இப்படிப்பட்ட விஷயங்களில் உங்களுக்கு ஆர்வம் வருகிறது என்றால் மேலே படியுங்கள். மருந்துக்கடை வைப்பதுதான் ஆசை என்றால் இது உங்களுக்கான வழி இல்லை.

எங்கெல்லாம் படிக்கலாம்?

முதலில் நினைவுக்கு வருவது சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம், அதாவது என்யுஎஸ். அதன் யோங் லூ லின் மருத்துவப் பள்ளியில் மருந்தியல் துறை தனியாகவே இருக்கிறது. அதே பல்கலைக்கழகத்தின் அறிவியல் புலத்தில் ஃபார்மசி துறை இருக்கிறது. விண்ணப்பத்தில் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம். துறை மாறினால் தேர்வுக்குழுவும் மாறும், கேட்கும் ஆவணங்களும் மாறும்.

ஊட்ரமில் பொது மருத்துவமனையை ஒட்டி டியூக்-என்யுஎஸ் இருக்கிறது. அங்கே ‘மருந்தியல்’ என்று பெயர் போட்ட பட்டம் கிடையாது. ஆனால் புற்றுநோய், இதயநோய், நரம்பியல், தொற்றுநோய் எனப் பல துறைகளில் மருந்து சார்ந்த ஆய்வுகள் நடக்கின்றன. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் லீ கொங் சியான் மருத்துவப் பள்ளியிலும் அப்படித்தான். புவன விஸ்தா பக்கத்தில் பயோபொலிஸில் உள்ள, அரசின் அறிவியல் ஆய்வு அமைப்பான ஏஸ்டாரின் ஆய்வுக்கழகங்களில் உட்கார்ந்து ஆய்வு செய்துகொண்டு, பட்டத்தைப் பல்கலைக்கழகத்திடமிருந்து வாங்குகிறவர்களும் உண்டு.

பட்டச் சான்றிதழில் எந்தச் சொல் அச்சாகிறது என்பதைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம் என்பது என் கருத்து. யாரிடம், எந்தக் கேள்வியில் வேலை செய்தீர்கள் என்பதைத்தான் பின்னாளில் எல்லோரும் கேட்பார்கள்.

அடிப்படைத் தகுதி என்ன?

என்யுஎஸ்ஸில் குறைந்தது இரண்டாம் வகுப்பு மேல்நிலை ஹானர்ஸ் பட்டம், அல்லது அதற்குச் சமமானது. மருந்தியல், ஃபார்மசி, உயிரியல், உயிர்வேதியியல், உயிர்மருத்துவப் பொறியியல் என எதிலிருந்தும் வரலாம். முதுகலை கட்டாயம் இல்லை. நல்ல ஹானர்ஸும் உருப்படியான ஆய்வு அனுபவமும் இருந்தால் நேரடியாகவே பிஎச்டிக்கு எடுப்பார்கள்.

இந்தியாவில் படித்தேன். என் பட்டம் செல்லுமா?

பி.ஃபார்ம் நான்காண்டுப் படிப்பு என்பதால் அடிப்படையில் பிரச்சினை இல்லை. நல்ல மதிப்பெண் வேண்டும், அவ்வளவுதான். மூன்றாண்டு பி.எஸ்சி மட்டும் வைத்திருப்பவர்களுக்கு வாய்ப்பு குறைவு, அவர்கள் முதுகலை முடித்துவிட்டு வருவதே நல்லது. எம்.ஃபார்ம் மருந்தியல் படித்தவர்களுக்கு ஒரு வசதி உண்டு. கடைசி ஆண்டு ஆய்வேட்டுக்காக ஏற்கெனவே எலியைப் பிடித்திருப்பார்கள், ஊசி போட்டிருப்பார்கள், புள்ளியியலோடும் கொஞ்சம் மல்லுக்கட்டியிருப்பார்கள்.

ஆனால் நம் ஊர் எம்.ஃபார்ம் ஆய்வேடுகளில் பாதிக்குமேல் ‘இன்ன மூலிகைச் சாற்றின் வீக்கம் தணிக்கும் தன்மை’ என்கிற ரகம். சாற்றைக் கொடுத்தோம், எலியின் பாத வீக்கம் குறைந்தது, முடிந்தது. அதை அப்படியே விண்ணப்பத்தில் எழுதினால் இங்கே யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். சாற்றில் எந்தச் சேர்மம் வேலை செய்தது, எந்தப் புரதத்தில் போய் ஒட்டியது, அளவைக் கூட்டக்கூட விளைவும் கூடியதா என்று நீங்கள் யோசித்திருந்தால் அதை எழுதுங்கள். சோதனை செய்ய வசதி இல்லாமல் போயிருக்கலாம், அதில் தவறில்லை. கேள்வி தோன்றியிருக்க வேண்டும்.

எம்பிபிஎஸ் முடித்தவர்கள் சேரலாமா?

சேரலாம். எம்டி மருந்தியல் படித்தவர்களும் வருகிறார்கள். நோயாளியைப் பார்த்துப் பழகியவர்கள் ஆய்வகத்தில் முதல் ஆறு மாதம் திணறுவார்கள், அப்புறம் மற்றவர்களுக்குத் தோன்றாத கேள்விகளைக் கேட்பார்கள்.

பலதுறைத் தொழிற்கல்லூரி டிப்ளமா மட்டும் இருக்கிறது...

நேரடியாக முடியாது. பட்டம் முடித்துவிட்டு வாருங்கள். டிப்ளமா காலத்தில் கற்ற ஆய்வகக் கைவேலை வீண்போகாது. பிப்பெட் பிடிக்கத் தெரிந்தவரை எந்த ஆய்வகமும் விரும்பும்.

ஜிஆர்இ, ஐஇஎல்டிஎஸ் எழுத வேண்டுமா?

சிங்கப்பூருக்கு வெளியே பட்டம் வாங்கியவர்களிடம் பட்டமேற்படிப்புக்கான பொதுத் தேர்வான ஜிஆர்இ மதிப்பெண் கேட்பது வழக்கம். இந்தியர்களுக்கு அதன் இடத்தில் இந்தியாவின் பொறியியல், அறிவியல் பட்டதாரிகளுக்கான ‘கேட்’ தேர்வின் மதிப்பெண்ணை ஏற்கும் திட்டங்களும் உண்டு. ஜிபேட் என்பது இந்தியாவில் எம்.ஃபார்ம் சேர்வதற்கான தேர்வு, அதை இங்கே கொண்டுவந்து நீட்டாதீர்கள். இளங்கலையை ஆங்கில வழியில் படிக்காதவர்கள் டோஃபல் அல்லது ஐஇஎல்டிஎஸ் காட்ட வேண்டும். ஆங்கிலவழிதான் என்றால் கல்லூரியிடமிருந்து அப்படி ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டோஃபல், ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண்கள் இரண்டு ஆண்டுகளுக்கும், ஜிஆர்இ ஐந்து ஆண்டுகளுக்கும் செல்லும். அவசரப்பட்டு ரொம்ப முன்னதாக எழுதிவிட்டு, விண்ணப்பிக்கும் நேரத்தில் காலாவதியாகி நிற்பவர்களை ஒவ்வொரு ஆண்டும் பார்க்கிறேன்.

விண்ணப்பத்தை எப்போது போட வேண்டும்?

கல்வியாண்டு ஆகஸ்டில் தொடங்குகிறது. பல திட்டங்களில் ஜனவரிச் சேர்க்கையும் உண்டு. ஆகஸ்டில் சேர வேண்டும் என்றால் முந்தைய ஆண்டின் இறுதிக்குள் எல்லாம் போயிருக்க வேண்டும். அப்படியானால் அதற்கும் முன்னால், ஜூன் ஜூலை வாக்கிலேயே மேற்பார்வையாளரைத் தேடத் தொடங்கிவிடுங்கள்.

மேற்பார்வையாளரை முதலில் பிடிக்க வேண்டுமா, விண்ணப்பம் முதலில் போட வேண்டுமா?

என்னைக் கேட்டால் மற்ற எல்லாக் கேள்விகளையும்விட இதுதான் முக்கியம். மதிப்பெண்ணும் ஜிஆர்இயும் உங்களைக் கதவு வரைக்கும் கொண்டுவரும். கதவைத் திறப்பவர் மேற்பார்வையாளர். ‘இந்த மாணவரை நான் எடுத்துக்கொள்கிறேன், இவருக்கு என்னிடம் இடமும் ஆய்வு நிதியும் இருக்கிறது’ என்று ஒரு பேராசிரியர் சொன்னால் தேர்வுக்குழுவின் வேலை பாதி முடிந்தது. டியூக்-என்யுஎஸ் போன்ற இடங்களில் முதலாண்டில் பல ஆய்வகங்களில் மாறி மாறி வேலை செய்து பார்த்துவிட்டுத்தான் ஒருவரிடம் நிலைப்பார்கள். அங்கேகூட, யாரிடம் போக விருப்பம் என்று உங்களுக்கே தெரியாமல் போனால் நேர்காணலில் பேச்சு ஓடாது.

மின்னஞ்சல் எழுதுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ‘மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் மேன்மையான ஆய்வகத்தில் எனக்கு ஒரு வாய்ப்பு’ என்று தொடங்கி, ஒரே கடிதத்தை இருபது பேருக்கு அனுப்புவார்கள். பெறுபவருக்கு இரண்டே வினாடியில் தெரிந்துவிடும். இப்படிச் செய்து பாருங்கள்: அவருடைய அண்மைக் கட்டுரை ஒன்றை முழுதாகப் படியுங்கள். அதில் ஒரு படத்தை எடுத்துக்கொண்டு, ‘மருந்தைக் குறைந்த அளவில் கொடுத்தபோது செல்கள் பிழைத்திருக்கின்றன, ஆனால் இலக்குப் புரதம் முழுதாகத் தடைபட்டிருக்கிறது. அப்படியானால் செல்கள் சாவதற்கு வேறு இலக்கும் காரணமா?’ என்கிற மாதிரி ஒரு கேள்வி கேளுங்கள். உங்களைப் பற்றி நாலு வரி, கூடவே தன்விவரக் குறிப்பு. போதும். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம், அதற்குமேல் வேண்டாம். இங்கே பேராசிரியரைப் பெயர் சொல்லி அழைப்பது சகஜம்தான், இருந்தாலும் முதல் கடிதத்தில் ‘புரொஃபசர்’ போட்டுவிடுங்கள்.

இன்னொன்று: அவருடைய ஆய்வகத்தில் இப்போது இருக்கும் மாணவர்களிடம் பேசுங்கள். எத்தனை பேர் பட்டம் முடித்தார்கள், எத்தனை பேர் பாதியில் போனார்கள், வாரத்துக்கு ஒருமுறையாவது அவரை நேரில் பார்க்க முடியுமா, கட்டுரையில் முதல் பெயர் யாருக்குப் போகிறது என்று கேளுங்கள். சங்கடமாக இருந்தாலும் கேட்டுவிடுங்கள். பெண் பார்க்கப் போகும்போது அக்கம்பக்கத்தில் விசாரிப்பதில்லையா, அந்த மாதிரிதான்.

பரிந்துரைக் கடிதம் யாரிடம் வாங்குவது?

உங்களோடு ஆய்வகத்தில் நின்றவரிடம். கல்லூரி முதல்வரின் பெரிய கையெழுத்தைவிட, ‘இவள் மூன்று முறை தோற்ற சோதனையை நாலாவது முறை இப்படி மாற்றிச் செய்தாள்’ என்று எழுதத் தெரிந்த இளம் விரிவுரையாளரின் கடிதத்துக்கு மதிப்பு கூடுதல். கடிதத்தை அவர்களே இணையத்தில் பதிவேற்றுவார்கள். ‘நீயே எழுதிக் கொண்டுவாம்மா, கையெழுத்துப் போடுகிறேன்’ என்று சொல்பவரைத் தவிர்த்துவிடுங்கள்.

பணத்துக்கு என்ன வழி?

முழுநேர பிஎச்டி மாணவர்களில் பெரும்பாலோர் உதவித்தொகையில்தான் படிக்கிறார்கள். கைக்காசைப் போட்டுப் படிக்கும்படி யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். பல்கலைக்கழகத்தின் ஆய்வு உதவித்தொகை கல்விக்கட்டணத்தையும் மாதச் செலவையும் பார்த்துக்கொள்ளும். அதிலேயே மேலான நிலைக்கு வேறு விருதுகள் உண்டு. வெளிநாட்டு மாணவர்களுக்கு ‘சிங்கா’ என்ற சிங்கப்பூர் அனைத்துலகப் பட்டமேற்படிப்பு விருது இருக்கிறது. கட்டணம், நாலாண்டு மாதத்தொகை, விமானச் செலவுக்கு 1,500 சிங்கப்பூர் வெள்ளி வரை, வந்து குடியேற 1,000 வெள்ளி. படித்து முடித்தபின் இங்கே வேலை செய்தே ஆக வேண்டும் என்ற ஒப்பந்தமும் இல்லை. சிங்கப்பூரர்களுக்கு ஏஸ்டார் தனியாக உதவித்தொகை தருகிறது, அதில் ஒப்பந்தக் காலம் உண்டா என்பதைக் கையெழுத்திடும் முன் வரி வரியாகப் படியுங்கள்.

மாதத்தொகை சம்பளம் ஆகாது, மத்திய சேம நிதியும் கிடையாது. வீட்டுக்குப் பணம் அனுப்பும் பொறுப்பு உள்ளவர்கள் இதை முதலிலேயே கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். கிளிமெண்டி, டோவர் பக்கம் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடி வீட்டில் ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டு, வளாக உணவங்காடியில் சாப்பிட்டால் ஒருவருக்குக் கட்டுப்படியாகும். கொஞ்சம் மிச்சமும் பிடிக்கலாம்.

சேர்ந்த பின் பாடங்கள் உண்டா? நேராக ஆய்வுதானா?

பாடங்கள் உண்டு. மருந்து உடம்பில் பயணிக்கும் கணக்கு, புள்ளியியல், ஆய்வு நெறிமுறை, துறைக்கருத்தரங்கு என்று முதல் ஒன்றரை ஆண்டுக்குள் முடித்துவிடுவார்கள். விதியில் சொன்ன சராசரிக்குக் கீழே போனால் எச்சரிக்கைக் கடிதம் வரும். உதவித்தொகை வாங்குபவர்கள் இளங்கலை மாணவர்களுக்குச் செய்முறை வகுப்பெடுப்பது போன்ற கற்பித்தல் வேலையும் செய்ய வேண்டியிருக்கும். அதைச் சுமையாக நினைக்காதீர்கள். மருத்துவ மாணவர்களுக்கு அட்ரினலின் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கிப் பார்த்தால்தான் நமக்கே அது எவ்வளவு புரிந்திருக்கிறது என்று தெரியும்.

எலியைத் தொட மாட்டேன். முடியுமா?

முடியும். செல் வளர்ப்பு, கணினி மாதிரியாக்கம், நோயாளித் தரவு என்று எலியே இல்லாத தலைப்புகள் நிறைய இருக்கின்றன. அசைவம் சாப்பிடாத குடும்பங்களிலிருந்து வருகிறவர்கள் இதைத் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். மேற்பார்வையாளரிடம் முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள், யாரும் தவறாக நினைப்பதில்லை.

எலி வேண்டும் என்றால் நினைத்தவுடன் தொட முடியாது. விலங்குப் பராமரிப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். உங்கள் ஆய்வுத்திட்டத்துக்குப் பல்கலைக்கழக விலங்கு நெறிமுறைக்குழு அனுமதி தர வேண்டும். எத்தனை எலி, ஏன் அத்தனை, வலியைக் குறைக்க என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள். அனுமதி வர மாதக்கணக்கில் ஆகலாம். மனித ரத்தமோ திசுவோ என்றால் 2015ஆம் ஆண்டின் மனித உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டம் குறுக்கே நிற்கும், அதற்கு வேறொரு நெறிமுறைக்குழு. இந்தக் காத்திருப்பை உங்கள் நாலாண்டுத் திட்டத்தில் சேர்த்தே போடுங்கள்.

தகுதித்தேர்வு என்று பயமுறுத்துகிறார்களே?

பயப்பட வேண்டியதுதான், கொஞ்சம். பெரும்பாலும் இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் வரும். அதுவரை செய்ததையும் இனிச் செய்யப்போவதையும் அறிக்கையாக எழுதிக் கொடுத்து, ஒரு குழுவின் முன் பேசி, கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். தேறினால்தான் முழுமையான பிஎச்டி ஆய்வாளர். தேறாவிட்டால் வழக்கமாக இன்னொரு வாய்ப்பு தருவார்கள். அதிலும் போனால் முதுகலை ஆய்வுப் பட்டத்துக்கு மாற்றிவிடலாம்.

கேள்விகள் எப்படி இருக்கும் தெரியுமா? மூலக்கூறுப் பாதைகளை எல்லாம் வண்ணப்படமாக மனப்பாடம் செய்துகொண்டு போவீர்கள். ஒருவர் நிதானமாகக் கேட்பார்: ‘உங்கள் மருந்தின் அரைவாழ்வு எலியில் இரண்டு மணி நேரம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு நாளைக்கு ஒரு முறைதான் கொடுக்கிறீர்கள். மீதி நேரம் என்ன நடக்கிறது?’ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்தால் பன்னிரண்டு மணி நேரத்தில் ஆறு தடவை பாதியாகி, ரத்தத்தில் இரண்டு விழுக்காடுகூட மிஞ்சாது. அப்படியும் விளைவு நீடிக்கிறது என்றால் மருந்து இலக்கில் விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறதா, உடைந்து வந்த பொருள் வேலை செய்கிறதா, இல்லை உங்கள் அளவீடே தவறா? அடுத்தவர் கேட்பார்: ‘மருந்தை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்தீர்களே, வெறும் டிஎம்எஸ்ஓ மட்டும் கொடுத்த எலிகள் எங்கே?’ மருந்தியலின் உயிர்நாடி அளவும் நேரமும் ஒப்பீட்டுக் குழுவும்தான். அந்த மூன்றுக்கும் பதில் வைத்திருந்தால் மற்றதைச் சமாளிக்கலாம்.

மொத்தம் எத்தனை ஆண்டு?

நாலு என்று நினைத்துத் திட்டமிடுங்கள். என்யுஎஸ்ஸில் அதிகபட்சம் ஐந்து. உதவித்தொகை பொதுவாக நாலாண்டோடு நின்றுவிடும் என்பதால் ஐந்தாம் ஆண்டில் கை கடிக்கும். கடைசியில் ஆய்வேடு, தேர்வாளர்களின் அறிக்கைகள், வாய்மொழித் தேர்வு. கட்டுரை வெளியாகியிருக்க வேண்டுமா என்பதில் துறைக்குத் துறை, மேற்பார்வையாளருக்கு மேற்பார்வையாளர் எதிர்பார்ப்பு வேறு. முதல் மாதத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாக?

சிங்கப்பூரருக்கும் நிரந்தரவாசிக்கும் அந்த வழி இருக்கிறது. மருத்துவமனையிலோ மருந்து நிறுவனத்திலோ இருப்பவர்கள், தங்கள் வேலையோடு ஒட்டிய தலைப்பாக எடுத்தால் மட்டும் யோசியுங்கள். காலையில் ஓர் உலகம், இரவில் வேறோர் உலகம் என்றால் தாங்காது. மாணவர் அட்டையில், அதாவது படிப்பதற்கான குடிநுழைவு அனுமதியில், வருபவர்கள் முழுநேரமாகத்தான் படிக்க வேண்டும்.

மனைவியை, கணவரை உடன் அழைத்து வரலாமா?

மாணவர் அட்டையை வைத்துக் குடும்பத்துக்குச் சார்ந்திருப்போர் அட்டை வாங்க முடியாது. அது எம்ப்ளாய்மென்ட் பாஸ், எஸ் பாஸ் போன்ற வேலை அட்டைகளில் இருந்து, அதற்குரிய சம்பள வரம்பை எட்டியவர்களுக்கானது. துணைவர் தனியாக இங்கே வேலை தேடி வரலாம், அல்லது வருகையாளராக வந்து போகலாம். கல்யாணத்துக்கு நாள் குறிக்கும்போதே இரு வீட்டாரிடமும் இதைச் சொல்லிவிடுங்கள்.

முடித்தபின் இங்கே மருந்தாளராகப் பதிவு செய்ய முடியுமா?

பிஎச்டியை வைத்து முடியாது. மருந்தாளர் மன்றத்தில் பதிவு செய்ய அங்கீகரிக்கப்பட்ட ஃபார்மசி பட்டமும், பதிவுக்கு முந்தைய பயிற்சியும், தகுதித் தேர்வுகளும் வேண்டும். ‘டாக்டர்’ என்று பெயருக்கு முன் போடலாம், மருந்துச்சீட்டு எழுத முடியாது. தீபாவளிக்கு வீட்டுக்குப் போனால் முட்டிவலிக்கு மாத்திரை கேட்கும் பெரியம்மாவுக்கு இதைப் புரியவைப்பது உங்கள் பாடு.

அப்படியானால் வேலை?

ஆய்வுத்துறையில் தொடரலாம். மருந்து நிறுவனங்களின் மருத்துவப் பரிசோதனைப் பிரிவு, பாதுகாப்புக் கண்காணிப்பு, பதிவு விவகாரங்கள், சுகாதார அறிவியல் ஆணையம், காப்புரிமை அலுவலகங்கள் எல்லாம் இருக்கின்றன. துவாஸில் வரிசையாக நிற்கும் மருந்து ஆலைகளைப் பார்த்துவிட்டு அங்கேதான் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். அவை பெரும்பாலும் உற்பத்தி ஆலைகள். மருந்தியலாளரைவிட வேதிப்பொறியாளருக்குத்தான் அங்கே தேவை அதிகம். வெளிநாட்டு மாணவர்கள் பட்டம் முடித்தபின் வேலை தேடுவதற்காக ஓராண்டு வரை நீண்டகால வருகை அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். வேலை கிடைத்தால் எம்ப்ளாய்மென்ட் பாஸ், அதற்கு 2023 செப்டம்பரிலிருந்து ‘காம்பஸ்’ புள்ளிமுறை. சம்பளம், படிப்பு, நிறுவனத்தில் எந்தெந்த நாட்டவர் எத்தனை பேர் என்றெல்லாம் பார்த்துப் புள்ளி போடுகிறார்கள். ஆய்வேட்டைச் சமர்ப்பித்த பிறகு தேடலாம் என்று இருக்காதீர்கள், கடைசி ஆண்டின் தொடக்கத்திலேயே தேடத் தொடங்குங்கள்.